முன்டாரி விளையாடாத கிளப் எது? – உதைபந்துக் கேள்வி பதில்

போன மாதம் ஒருத்தர், உலகக் கிண்ணத்தில ஆபிரிக்கக்காரர் அடிச்ச கோலுகளில உங்களுக்குப் பிடிச்சது எது எண்டு கேட்டிருந்தார். கானாவின்ட சுலே முன்டாரி 2010 இல உருகுவேக்கு அடிச்சது எண்டு ஒரே வரியில பதில் போட்டன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதமும் வாட்ஸ்அப்பும் கொஞ்சநஞ்சமில்லை, அரைவாசிப் பேர் யாரப்பா உந்த முன்டாரி எண்டு கேட்கினம், மிச்சப் பேர் அவரைப் பற்றி எழுத வேற ஆள் கிடைக்கேல்லையா எண்டு சண்டைக்கு வாறினம். அதால இந்தமுறை முழுப் பக்கமும் அவருக்கே. கிரிக்கெட் கேள்வி அனுப்பினாக்கள் குறை நினைக்காதேங்கோ.

முன்டாரி எந்தெந்த கிளப்பில விளையாடினவர் எண்டு ஒருக்கா வரிசையாச் சொல்லுவீங்களா? எனக்கு ஏசி மிலான் மட்டும்தான் தெரியும். – ஒரு வாசகர், உப்புவெளி

மூச்சுப் பிடிச்சுக்கொண்டு வாசியுங்கோ தம்பி. 1984 இல கானாவில கொனோங்கோ எண்ட ஊரில பிறந்தவர், அக்ராவில லிபர்ட்டி புரொஃபெஷனல்ஸ் எண்டொரு சின்ன கிளப்பில இருந்து பதினெட்டு வயசுக்குள்ளயே இத்தாலிக்குப் போய் உதினேசே கிளப்பில ஏறினார், அங்க 2007 வரைக்கும், பிறகு இங்கிலாந்தில போர்ட்ஸ்மவுத், 2008 இல திரும்பி இத்தாலி, இன்டர் மிலான், 2011 தொடக்கத்தில லோனில சண்டர்லண்ட், 2012 ஜனவரியில ஏசி மிலான், 2015 இல சவூதி ஜித்தாவில அல் இத்திஹாத், 2017 இல திரும்பவும் இத்தாலியில பெஸ்காரா, 2018 இல ஸ்பெயினில டெபோர்ட்டிவோ, 2019 இல அல்பசேட்டே. அதுக்குப் பிறகு கிளப்பே இல்லாமல் கிடந்து, ஆள் ரிட்டயர் எண்டு எல்லாரும் நினைச்சிருக்கேக்க 2022 இல முப்பத்தேழு வயசில ஊருக்குத் திரும்பி அக்ராவின்ட பெரிய கிளப் ஹார்ட்ஸ் ஒஃப் ஓக்கில சைன் பண்ணினார்.

அந்த லிபர்ட்டி புரொஃபெஷனல்ஸை மட்டும் சும்மா தாண்டிப் போகாதேங்கோ. மைக்கல் எசியன், அசமோவா கியான், முன்டாரி மூண்டு பேருமே அங்க வளர்ந்த ஆக்கள். கானா 2006 இல முதன்முதலா உலகக் கிண்ணத்துக்குப் போகேக்க அந்த டீமின்ட முதுகெலும்பு இந்த ஒரு கிளப்பில இருந்து வந்தது எண்டு சொன்னாலும் பிழையில்லை.

இவ்வளவு கிளப் மாறினவர் எண்டால் ஒரு இடத்திலயும் அவரை வச்சிருக்க விரும்பேல்ல எண்டுதானே அர்த்தம்? – "பழைய புல்பேக்", ஓர்ஸ் ஹில்

ஐயா, நீங்க எங்கட காலத்துக் கணக்கில பார்க்கிறீங்க. ஒரே ஊர் கிளப்பில தொடங்கி அங்கயே பூட்ஸைக் கழட்டுறதுதான் விசுவாசம் எண்டு நினைச்சு வளர்ந்த ஆக்கள் நாங்க. ஆனா முன்டாரியின்ட லிஸ்ட்டை இரண்டாப் பிரிச்சுப் பாருங்கோ. முப்பது வயசு வரைக்கும் அவர் மாறினது பெரும்பாலும் மேல போற மாற்றம். உதினேசே சின்ன ஊர்க் கிளப்தான், ஆனா அவைக்கு ஒரு தொழில் தெரியும், ஆபிரிக்காவிலயும் தென்னமெரிக்காவிலயும் பேர் தெரியாத பொடியளைக் குறைஞ்ச காசுக்குக் கொண்டுவந்து வளர்த்து பெரிய கிளப்புக்கு விக்கிறது. முன்டாரி அந்த வழியால வந்த சரக்கு. அங்க இருக்கேக்கயே சாம்பியன்ஸ் லீக் கண்டிட்டார்.

போர்ட்ஸ்மவுத்தில இருந்தது ஒரே ஒரு சீசன். அந்த ஒரு சீசனில என்ன நடந்தது எண்டு பாருங்கோ, 2008 மார்ச், எஃப்ஏ கப் காலிறுதி, ஓல்ட் டிராஃபோர்டில மான்செஸ்டர் யுனைட்டட்டோட மேட்ச். யுனைட்டட்டின்ட முதல் கோல்கீப்பர் காயத்தில வெளியே, அவருக்குப் பதிலா வந்தவர் பெனல்ட்டி குடுத்து ரெட் காட்டில வெளியே, வேற கீப்பர் இல்லாமல் கடைசியில டிஃபெண்டர் ரியோ ஃபெர்டினண்ட் கையுறை போட்டுக்கொண்டு நிக்கிறார். முன்டாரி வந்து அடிச்சார், 1-0. அந்த வருசம் பிரீமியர் லீக்கும் சாம்பியன்ஸ் லீக்கும் எடுத்த யுனைட்டட் வீட்டிலயே வெளியே போச்சு. போர்ட்ஸ்மவுத் ஃபைனலில கார்டிஃபை வெண்டு கப்பையும் தூக்கிச்சு.

பிறகு இன்டர். வந்த உடனேயே ரோமாவோட நடந்த இத்தாலியன் சூப்பர் கப்பில கோல், நவம்பரில யுவென்டஸை 1-0 எண்டு வெண்ட மேட்ச்சில அந்த ஒரு கோலும் அவற்றதான். இரண்டு லீக் பட்டம். 2010 இல லீக், இத்தாலியன் கப், சாம்பியன்ஸ் லீக் மூண்டையும் ஒரே சீசனில எடுத்த டீமில ஆள் இருந்தவர், பயேர்னோட நடந்த ஃபைனலில சப்பா, அதாவது மாற்று ஆளா, இறங்கினவர். இதெல்லாம் ஒருத்தரும் விரும்பாத ஆளுக்கு நடக்கிற காரியமா ஐயா?

முப்பதுக்குப் பிறகு நீங்க சொல்லுறது சரிதான். பெஸ்காரா லீக்கில இருந்து இறங்கிப் போச்சு, டெபோர்ட்டிவோவும் இறங்கிப் போச்சு. அங்க அவரைக் கூப்பிட்டது ஒரு காலத்தில ஏசி மிலானின்ட மிட்ஃபீல்டை ஆண்ட கிளாரன்ஸ் சீடோர்ஃப், அவர் அப்ப டெபோர்ட்டிவோவின்ட கோச். ரெண்டு பேராலயும் காப்பாத்த முடியேல்லை.

எசியனா, முன்டாரியா? – ஒரு பள்ளிக்கூட மாணவி, லிங்கநகர்

எசியன், யோசிக்கவே தேவையில்லை தங்கச்சி. ஆனா 2006 இல செக் குடியரசை 2-0 எண்டு அடிச்சு கானா தன்ர முதலாவது உலகக் கிண்ண வெற்றியை எடுக்கேக்க, முதல் கோல் கியான், இரண்டாவது முன்டாரி. அதே மேட்ச்சில இரண்டு பேரும் யெல்லோ காட்டும் வாங்கி அடுத்த மேட்ச் அமெரிக்காவோட விளையாட முடியாமல் போச்சு. முன்டாரியின்ட கதை முழுக்க உப்பிடித்தான், ஒரு கையால குடுப்பார், மற்றக் கையால பறிப்பார்.

அந்த உருகுவே கோலில அப்பிடி என்ன இருக்கு? தூர நிண்டு அடிச்ச கோல் ஆயிரம் இருக்கே. – மனையாவெளி

இருக்கு. ஆனா அந்த நேரத்தையும் இடத்தையும் சேர்த்துப் பாருங்கோ. 2010 ஜூலை 2, ஜொகனஸ்பேர்க், உலகக் கிண்ணம் ஆபிரிக்காவில நடக்கிற முதல் தடவை, மிஞ்சி நிக்கிற ஒரே ஆபிரிக்க டீம் கானா. எங்கட நேரம் சரியா நடுச்சாமம் 12 மணிக்குத் தொடங்கின மேட்ச். முதல் பாதி முடிய இன்னும் சில செக்கன், எல்லாரும் பிளேன்ரீ ஊத்த எழும்புற நேரம், முன்டாரி முப்பது மீற்றருக்கு மேல தூரத்தில இருந்து இடது காலால ஒரு அடி. பந்து காத்தில ஒரு பக்கமா வளைஞ்சு போக உருகுவே கீப்பர் முஸ்லேரா மற்றப் பக்கம் ஒரு அடி வச்சிட்டார், அதோட சரி. ரிப்ளை பார்க்காமல் எழும்பிப் போனாக்கள் இண்டைக்கும் கவலைப்படுவினம்.

பிறகு ஃபோர்லான் ஃப்ரீ கிக்கில சமன் செய்ததும், எக்ஸ்ட்ரா டைம் கடைசியில சுவாரெஸ் கோல் கோட்டில நிண்டு கையால பந்தைத் தடுத்ததும், கியான் பெனல்ட்டியை பாரில அடிச்சதும் எல்லாருக்கும் தெரியும். தெரியாத ஒரு சின்ன விசயம், சுவாரெஸ் கையால தடுத்த அந்த ஹெடரை அடிச்ச பொடியன் டொமினிக் அடியா. 88 ஆவது நிமிசத்தில முன்டாரியை வெளியே எடுத்துத்தான் அவரை இறக்கினவை. ஷூட்அவுட்டில பெனல்ட்டி தவறவிட்ட இரண்டு கானாக்காரரில அடியாவும் ஒருத்தர். முன்டாரி நிண்டிருந்தால் என்ன நடந்திருக்கும் எண்டு என்னைக் கேட்காதேங்கோ, ஓல்ட் டிராஃபோர்டில பெனல்ட்டி அடிச்ச கால் அது எண்டு மட்டும் சொல்லுவன்.

அவற்ற கோல் ஒண்டை ரெஃப்ரி களவெடுத்தது எண்டு கேள்விப்பட்டன், உண்மையா? – திருக்கடலூர்

களவெடுக்கேல்லை, காணேல்லை. 2012 பெப்ரவரி 25, ஏசி மிலான் எதிர் யுவென்டஸ், இரண்டு டீமும் பட்டத்துக்கு முட்டுப்படுற நேரம். மிலான் 1-0 முன்னுக்கு. முன்டாரியின்ட ஹெடர் கோட்டைத் தாண்டி நல்லா உள்ள போன பிறகுதான் யுவென்டஸ் கீப்பர் புஃபோன் கையால வெளியே தள்ளினார், டிவியில பார்த்த சனம் முழுக்க கண்டது, லைன்ஸ்மன் மட்டும் காணேல்லை. 2-0 ஆக வேண்டிய மேட்ச் 1-1 இல முடிஞ்சுது. நியாயத்துக்குச் சொல்ல வேணும், அதே மேட்ச்சில யுவென்டஸின்ட மாத்ரி அடிச்ச ஒரு நல்ல கோலையும் ஒஃப்சைட் எண்டு பிழையா மறுத்தவை, அதை மிலான்காரர் ஞாபகம் வச்சிருக்க மாட்டினம். புஃபோன் பிறகு, பந்து உள்ள போனது தனக்குத் தெரிஞ்சிருந்தாலும் ரெஃப்ரிக்குச் சொல்லியிருக்க மாட்டன் எண்டு வெளிப்படையாவே சொன்னார், அதுக்கு ஒரு பெரிய சண்டை.

அந்த சீசன் யுவென்டஸ் ஒரு மேட்ச்சும் தோக்காமல் மிலானை விட நாலு புள்ளி கூட எடுத்து பட்டம் எடுத்தது. பந்து கோட்டைத் தாண்டினால் ரெஃப்ரியின்ட கை மணிக்கூட்டுக்குச் சொல்லுற கோல் லைன் டெக்னோலஜி இத்தாலி லீக்கில வந்தது 2015-16 சீசனில. இப்ப எங்கட பொடியள் கோல் எண்டவுடனே ரெஃப்ரியின்ட மணிக்கட்டைப் பார்க்கினம், அந்த மணிக்கூட்டுக்குப் பின்னால உந்த மாதிரி எத்தினை பேரின்ட வயித்தெரிச்சல் இருக்கு எண்டு தெரியாமல்.

நோன்பு பிடிச்சுக்கொண்டு விளையாடினதுக்காக முன்டாரியை கோச் வெளியே எடுத்தவர் எண்டு என்ட மகன் சொல்லுறான். அப்பிடி நடந்ததா? மகனும் நோன்பு மாசத்தில பிரக்டிஸ் போறவன், அதான் கேட்கிறன். – ஒரு வாப்பா, கிண்ணியா

நடந்தது நானா. 2009 ஓகஸ்ட் 23, நோன்பு தொடங்கி ரெண்டாம் நாளோ என்னவோ, இன்டருக்கு அந்த சீசனின்ட முதல் லீக் மேட்ச், பாரி கிளப்போட. அரை மணித்தியாலத்தில மொரீனியோ முன்டாரியை வெளியே எடுத்திட்டார். மேட்ச் முடிஞ்ச பிறகு, நோன்பாலதான் ஆள் சோர்ந்து போனார், இந்த வெக்கைக்கு அது நல்லதில்லை எண்ட மாதிரி பேட்டி குடுத்தார், இத்தாலி முஸ்லிம்கள் கோவப்பட்டினம், பேப்பர் முழுக்க அதுதான். என்ட கருத்து, ஆளை மாத்துறது கோச்சின்ட வேலை, அதைப் பிழை சொல்ல ஏலாது, ஆனா அதை மைக்குக்கு முன்னால சொல்லியிருக்கத் தேவையில்லை. ட்ரெஸிங் ரூமுக்குள்ள பேசி முடிக்கிற விசயம்.

இப்ப காலம் மாறீட்டுது. 2021 ஏப்ரலில லெஸ்டர் எதிர் கிறிஸ்டல் பலஸ் மேட்ச்சில, வெஸ்லி ஃபொஃபானாவும் செய்க்கு குயாத்தேயும் நோன்பு திறக்க பந்து வெளியே போன நேரம் பார்த்து ஆட்டத்தை கொஞ்ச நேரம் நிப்பாட்டினவை. அடுத்த வருசம் ஜேர்மனியில மைன்ஸ் டீமின்ட மூசா நியாக்காத்தேக்காக ரெஃப்ரியே விசிலடிச்சு நிப்பாட்டினார். உங்கட மகனுக்கு என்னெண்டால், பின்னேர வெயிலில ஓட விடாதேங்கோ, கிண்ணியாவில பொடியள் நோன்பு திறந்து தராவீஹ் முடிஞ்சு லைற் போட்டு விளையாடுறவைதானே, பிரக்டிஸையும் அந்த நேரத்துக்கு மாத்தச் சொல்லி கோச்சோட நீங்க ஒருக்கா கதையுங்கோ. பொடியன் தானாப் போய்க் கேட்க வெக்கப்படுவான்.

சண்டைக்காரன் ஒருத்தனை ஹீரோவாக்கிறீங்க. 2014 இல உலகக் கிண்ணத்தில இருந்து அடிச்சுத் துரத்தினவை எல்லோ? அதை ஏன் எழுதேல்ல? – பேர் போட வேண்டாம் எண்டவர், மூதூர்

இப்ப எழுதுறன். ஆள் கோவக்காரன் எண்டதில சந்தேகமில்லை. 2010 மார்ச்சில கத்தானியாவோட மேட்ச்சில சப்பா உள்ள வந்து சுடுகுது மடியைப் பிடி எண்டு ரெண்டு யெல்லோ காட் வாங்கி, வேர்க்க முந்தியே வெளியே போனவர், அதிலயும் இரண்டாவது பெனல்ட்டி குடுத்த ஹாண்ட் போல். அதே வருச உலகக் கிண்ணத்தில கோச்சோட வாக்குவாதப்பட்டு வீட்டுக்கு அனுப்பப் பார்த்தவை, மன்னிப்புக் கேட்டு தப்பினார். அந்த மன்னிப்பு இல்லையெண்டால் நான் மேல எழுதின கோலும் இல்லை.

2014 பிரேசில் கதை பெரிய கதை. கானா வீரருக்கு போனஸ் காசு வரேல்லை. தருவம் தருவம் எண்டு இழுத்தடிக்க, பொடியள் பிரக்டிஸுக்கு வரமாட்டம் எண்டு நிண்டினம். கடைசியில கானா அரசாங்கம் மூண்டு மில்லியன் டொலருக்கு மேல ரொக்கமா பிளேனில ஏத்தி பிரேசிலுக்கு அனுப்பினது, பேங்க்கில போடுறம் எண்டால் ஒருத்தரும் நம்பத் தயாரில்லை. அந்தக் காசுப் பிரச்சினையில வீரர் பக்கம் முழு நியாயம் இருந்தது எண்டுதான் நான் சொல்லுவன். ஆனா அந்தக் குழப்பத்துக்குள்ள முன்டாரி கானா உதைபந்துச் சங்கத்தின்ட நிர்வாகக் குழு ஆளுக்குக் கை வச்சிட்டார் எண்டு சொல்லி, போர்த்துக்கல் மேட்ச்சுக்கு முன்னம் அவரையும், கோச்சை ஏசினதுக்காக கெவின் பிரின்ஸ் போட்டெங்கையும் டீமை விட்டுத் தூக்கினவை. மேட்ச்சிலயும் தோல்வி. 84 மேட்ச், 20 கோல் எண்ட நாட்டுக் கணக்கு அதோட நிண்டு போச்சு. அதுக்கு நான் வக்காலத்து வாங்க வரேல்லை, காசு கேட்கலாம், கை வைக்க ஏலாது.

ஆனா நீங்க 2017 ஐ எழுதாமல் விட்டிட்டீங்களே அண்ணே. ஏப்ரல் 30, பெஸ்காராக்காக சார்தீனியா தீவில காலியாரியோட மேட்ச். கலரிக்குள்ள இருந்து நிறத்தைச் சொல்லி ஏசிக்கொண்டிருந்தவை. அதில சின்னப் பிள்ளைகளும், தாய் தகப்பன் பக்கத்தில நிக்கேக்கயே. முன்டாரி முதல் என்ன செய்தவர் தெரியுமா, அந்தப் பிள்ளையிட்டப் போய் அப்பிடிச் சொல்லக்கூடாது எண்டு சொல்லிப்போட்டு தன்ர ஜேர்சியைக் குடுத்தார். அந்த சண்டைக்காரன்தான். பிறகும் வேற பக்கத்தால கத்துறது நிக்கேல்லை, ரெஃப்ரியிட்டப் போய் முறையிட்டார், ரெஃப்ரி கத்தினவையை விட்டிட்டு இவருக்கு யெல்லோ காட் காட்டினார். இவர் பேசாமல் மைதானத்தை விட்டு நடந்து போயிட்டார். அனுமதி இல்லாமல் வெளியே போனதுக்கு இன்னொரு காட், அதால ஒரு மேட்ச் தடை.

உலகம் முழுக்க எதிர்ப்பு எழும்பிச்சு. வீரர்களின்ட சர்வதேச சங்கம் ஃபிஃப்ப்ரோ தடையை எடுக்கச் சொன்னது, ஐநா மனித உரிமை ஆணையாளரா அப்ப இருந்த செயித் ராத் அல் ஹுசெய்ன் அவரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். சில நாளில இத்தாலி சங்கத்தின்ட மேன்முறையீட்டுக் குழு தடையைத் தூக்கினது. கத்தானியாவில கண்ட அதே கோவம்தான், ஆனா இங்க அவர் கத்தவுமில்லை, கை நீட்டவுமில்லை. அதால நான் அவரை ஹீரோ எண்டும் சொல்லேல்லை, வில்லன் எண்டும் சொல்லேல்லை, ஒவ்வொரு சம்பவமாப் பாருங்கோ எண்டுதான் சொல்லுறன். ஏகாம்பரம் மைதானத்தில மேட்ச் நடக்கேக்க எதிர் டீம் பொடியனின்ட நிறத்தையும் ஊரையும் சொல்லிக் கத்துற எங்கட ஆக்கள் சிலருக்கும் இந்தக் கதையை ஒருக்கா சொல்லிவிடுங்கோ.

அவருக்கு எவ்வளவு சம்பளம் குடுத்தவை? – பாலையூற்று

மற்றவன்ட பொக்கற்றை ஏன் தடவுறீங்க.

ஊருக்குத் திரும்பி என்ன சாதிச்சார்? – செல்வநாயகபுரம்

அவர் இருந்த அந்த 2022 சீசனிலயே ஹார்ட்ஸ் ஒஃப் ஓக் கானாவின்ட எஃப்ஏ கப்பை எடுத்தது. முப்பத்தேழு வயசில ஓட்டம் குறைஞ்சுதான் இருந்தது, பாஸ் குறையேல்லை. சாம்பியன்ஸ் லீக் மெடல் வீட்டில இருக்கிற மனிசன் உள்ளூர் லீக்கின்ட மேடு பள்ளத்தில வந்து முழங்காலைத் தேய்ச்சது எனக்குப் பிடிச்சிருந்தது, வேற ஒண்டுமில்லை.

என்ட தங்கச்சியின்ட மகனுக்கு பதினேழு வயசு, நல்லா விளையாடுவான். ஒருத்தர் தான் ஏஜென்ட் எண்டும், துருக்கியில ட்ரயல் ஒழுங்கு பண்ணுறன் எண்டும் சொல்லி ஆறு லட்சம் கேட்கிறார். முன்டாரியும் அந்த வயசில போனவர்தானே எண்டு பொடியன் நிக்கிறான். என்ன செய்ய? – ஒரு பெரியம்மா, சீனக்குடா

குடுக்காதேங்கோ அக்கா. முதல் விசயம், பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பொடியனை ஒரு நாட்டில இருந்து இன்னொரு நாட்டு கிளப்புக்கு ட்ரான்ஸ்ஃபர் செய்ய ஃபிஃபா சட்டத்தில பொதுவா இடமில்லை, சில விதிவிலக்குகள் இருக்கு, அதில ஒண்டும் உங்கட வீட்டுக் கதைக்குப் பொருந்தாது. இரண்டாவது, உண்மையான கிளப்புக்கு பொடியன் தேவையெண்டால் காசு அவையிட்ட இருந்துதான் வரும். பிறகு அவனைப் பெரிய விலைக்கு வித்தாலும், பன்ரெண்டு வயசில இருந்து இருபத்திமூண்டு வயசு வரைக்கும் அவனை வளர்த்த கிளப்புகளுக்கு அந்த விலையில ஐஞ்சு வீதம் பிரிச்சுக் குடுக்க வேணும் எண்டே சட்டம் இருக்கு. அதாவது இந்தத் தொழிலில காசு வளர்த்தவையைப் பார்த்து வாறது, உங்கட கதையில மட்டும் ஏன் எதிர்ப்பக்கமா ஓடுது?

ஆபிரிக்காவிலயும் இதேதான் நடக்குது. காணி நகை வித்து ஏஜென்ட்டுக்குக் குடுத்து, ஐரோப்பாவில எயார்போட்டிலயோ லொட்ஜிலயோ விட்டிட்டு ஆள் மாறின கதைகள் மேற்கு ஆபிரிக்காவில நிறைய. முன்டாரி மாதிரி ஒருத்தர் தெரிய வாறதுக்கு முன்னால அப்பிடிப் போய் தெரியாமல் போன பொடியள் எத்தினையோ பேர்.

அந்த ஆளிட்ட அவற்ற ஃபிஃபா ஏஜென்ட் லைசன்ஸைக் கேளுங்கோ, ஃபிஃபாவே லைசன்ஸ் உள்ளவையின்ட பேர் வெளியிடுறது, அதில பேர் இருக்கோ எண்டு பொடியனையே தேடிப் பார்க்கச் சொல்லுங்கோ. துருக்கி கிளப்பின்ட பேரைக் கேட்டு, அந்த கிளப்புக்கு நேரா ஈமெயில் போட்டு உங்களிட்ட இருந்து அழைப்புக் கடிதம் வந்ததோ எண்டு விசாரியுங்கோ. உந்த ரெண்டு கேள்வியிலயும் ஆள் கோவப்பட்டால் உங்களுக்குப் பதில் கிடைச்சிட்டுது. பொடியன் ஓஎல் எழுதி முடிச்சிட்டானா, ஏஎல் படிக்கிறானா எண்டு எழுதேல்லை, அதையும் விடவேண்டாம். பாஸ்போட் குடுத்து வச்சிருந்தால் இண்டைக்கே போய்த் திருப்பி வாங்குங்கோ.